இரண்டு எண்ணிக்கை

நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர் நடுவில் இருமினால் அதையும் எழுத வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அவள் எழுதுவாள். சுருக்கெழுத்தில் ஒரு கொக்கியைப் போட்டு வைத்துக்கொண்டு, தட்டச்சு செய்யும்போது 'சாட்சி இருமுகிறார்' என்று மறக்காமல் சேர்த்துவிடுவாள். ஒரு முறை நீதிபதி அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, "இந்த இருமல் எதுக்கும்மா?" என்று கேட்டார். "இருமினாருங்க ஐயா," என்றாள். அதற்கு மேல் அவர்தான் என்ன சொல்ல முடியும்? தாளைக் கீழே வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவளுக்கு ஸ்டெனோ என்றுதான் பெயர். அவள் சாக்ஸபோன் வாசிப்பாள் என்று சொன்னால் நீதிமன்றத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் கேட்டே இருக்கிறார்கள். பணி ஓய்வு பெறுகிறவர்களை வழியனுப்பும் விழாக்களில், தாளில் இருப்பதைத் தாளில் இருக்கிறபடியே வாசிப்பாள். புள்ளி பிசகாது. எல்லோரும் கைதட்டுவார்கள், பிறகு டீ குடிக்கப் போவார்கள். யாரும் அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியதில்லை. பேச அதில் ஒன்றும் இல்லை.

வம்பு வந்தது ஜாஸால்.

அவள் தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வார நாட்களில் கட்டடங்களின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸைக் காருக்குள் படுக்கவைத்து, மனைவியைப் பேருந்தில் அனுப்பிவிட்டு, ஒத்திகைக்குப் போய்விடுவான். அவனோடு சேர்த்துக் குழுவில் நால்வர். டிரம்ஸ் பல் டாக்டர். பியானோ கணக்கு டீச்சர். சாக்ஸபோன் தீயணைப்பு நிலைய அதிகாரி. அந்த அதிகாரிக்குத் திடீரென்று மாற்றல் உத்தரவு வந்தது. நூலகத்தின் புதிய அரங்கில் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்கு இரண்டு மாதமே இருந்தது. சாக்ஸபோனுக்கு ஆள் இல்லை.

அந்த இடம் அவளுக்கு வேண்டும். வெளியில் சொல்ல வெட்கப்படும் அளவுக்கு வேண்டும். இருபத்திரண்டு வருடமாக, திருடியவன் சொன்னதை எழுதியிருக்கிறாள், திருட்டுக் கொடுத்தவன் சொன்னதை எழுதியிருக்கிறாள், இருவரின் வக்கீல்கள் சொன்னதை எழுதியிருக்கிறாள். நீ என்ன சொல்கிறாய் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது, வேலையே அதுதான். ஆனால் தம்பியின் குழு வாசிப்பதைப் போய்க் கேட்டபோது ஒன்றைக் கவனித்தாள். பாட்டின் நடுவில் ஓரிடத்தில் மூன்று பேர் சத்தத்தைத் தணித்துக்கொண்டு நான்காவது ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். உன் முறை, சொல்லு என்பதுபோல. தனக்காக யாராவது அப்படிக் காத்திருக்க மாட்டார்களா என்று அன்று வீடு வரும் வரை நினைத்துக்கொண்டே வந்தாள்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு பாட்டுக்கு முப்பத்திரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு எண்ணிக்கை. முப்பத்திரண்டும் முடிந்தால் ஒரு சுற்று. முதல் சுற்றில் பாட்டைப் பாட்டாகவே வாசிப்பார்கள். அதற்குப் பிறகு பாட்டின் அஸ்திவாரம் மட்டும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக அதன்மேல் தங்கள் மனதில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். அந்தச் சுற்றுகளுக்குத் தாளில் எதுவும் இருக்காது.

தம்பி கூட்டிப்போன முதல் ஒத்திகையில் அவள் முறை வந்தபோது சாக்ஸபோனை வாயில் வைத்தபடி ஒரு சுற்று முழுவதும் சும்மா நின்றாள். டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டு, "மயக்கமா வருதா?" என்று எழுந்து வந்தார்.

அன்றைக்குத்தான் தம்பி தன் கருவிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தான்.

"பெரிய ஆளுங்க வாசிச்சதைக் காதால கேட்டு எழுதுக்கா. ஒரு சுரம் விடாம எழுதி, அப்படியே வாசி. அவங்க எங்க பேசறாங்க, எங்க நிறுத்தறாங்கன்னு தன்னால பிடிபடும். எல்லாரும் அப்படித்தான் கத்துக்கிட்டாங்க. நான் இந்த ஒரு கேசட்டுலதான் கத்துக்கிட்டேன். மெதுவான பாட்டு, உனக்குச் சரியா இருக்கும்."

"எழுதறதுதானே?" என்றாள். அந்த மாதத்தில் அவள் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

அவள் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்குப் பின்னால் கண்ணாடி தீட்டும் அறை. அந்த அறையின் ஒரு மூலையை அவள் பிடித்துக்கொண்டாள். நீதிமன்றத்தில் கழித்துக்கட்டிய பழைய கேசட் இயந்திரம் ஒன்று அவளிடம் இருந்தது. காலால் மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், மறுபடி மிதித்தால் நாலு வார்த்தை பின்னால் போய்த் தொடங்கும். வேகத்தைக் குறைக்க ஒரு திருகும் உண்டு. சாட்சியங்களை எழுதுவதற்கென்றே செய்த இயந்திரம் அது. சாயங்காலம் நீதிமன்றம் முடிந்ததும் நேராக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மிதியில் வைத்து உட்கார்ந்துவிடுவாள். எழுதியதைச் சாக்ஸபோனில் வாசித்துச் சரிபார்ப்பாள். ஒரு பக்கம் சாணைச் சக்கரம், ஒரு பக்கம் சாக்ஸபோன். கண்ணாடி வாங்க வந்தவர்கள் கணவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

கேசட்டில் வாசித்தவர் செத்துப்போய் அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். அவருக்கு அவள் வைத்த பெயர் சாட்சி. "சாட்சி இன்னைக்கு எட்டாவது கட்டத்துல ரொம்ப முணுமுணுக்கறார்," என்பாள் இரவுச் சாப்பாட்டின்போது. நோட்டில் சுரங்களுக்குப் பக்கத்தில் ஓரக் குறிப்புகளும் இருந்தன. 'சாட்சி மூச்சு வாங்குகிறார்.' 'பின்னால் யாரோ சிரிக்கிறார்.' 'வாய்முனை நாணல் பிசிறுகிறது, வேண்டுமென்றே இருக்கலாம்.' சாட்சியின் முறை மட்டும் இரண்டு சுற்று, அறுபத்து நான்கு கட்டம். பெரும்பாலானவை அவளுக்குப் பணிந்தன. ஒன்றே ஒன்று முரண்டு பிடித்தது.

இரண்டாவது சுற்றின் பத்தொன்பதாவது கட்டம். எப்படி எண்ணினாலும் அதில் இரண்டு எண்ணிக்கைதான் வந்தது. சாட்சி கீழே ஓர் ஆழமான சுரத்தில் நிற்கிறார், சட்டென்று உச்சியில் இருக்கிறார். நடுவில் படிக்கட்டே இல்லை. ஒன்பது நாள் அந்த ஓரிடத்தில் மிதியை மிதித்தாள். விரலால் எண்ணினாள், பென்சிலால் தட்டி எண்ணினாள், கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொன்னாள். அவருக்கும் இரண்டுதான் வந்தது. கடைசியில் அது சாட்சியின் மேதைமை என்று தீர்ப்பெழுதிவிட்டாள். நாலு எண்ணிக்கையில் எல்லோரும் நடப்பார்கள், இந்த மனுஷன் தாண்டுகிறார்! அதை எழுதி, ஓரத்தில் வழக்கம்போலக் குறிப்பும் போட்டாள். 'இவ்விடத்தில் மரத்தில் தட்டும் ஓசை. டிரம்ஸ் அல்ல.'

எழுதியதை வாசிப்பது அதைவிடப் பெரும்பாடு. கீழ்ச் சுரத்திலிருந்து உச்சிக்கு விரல்கள் ஒரே தாவலாகத் தாவ வேண்டும். முந்நூறு தடவையாவது வாசித்திருப்பாள். ஒருநாள் காலையில் கணவர் முகச்சவரம் செய்துகொண்டே அந்த மெட்டை முனகினார். அந்த இடம் வந்ததும் விக்கல் எடுத்தவர்போல அவரும் தாண்டினார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஒத்திகை நடப்பது பல் டாக்டரின் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில். ஞாயிற்றுக்கிழமை அங்கே பல்வலிக்கு அனுமதி இல்லை. நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, பெயர் பதிகிற மேடைமேல் டீச்சரின் எலெக்ட்ரிக் பியானோவை ஏற்றி வைப்பார்கள். சுவரில் ஒரு கடைவாய்ப்பல்லின் குறுக்குவெட்டுப் படம். அவள் நோட்டை விரித்துப் பல்லுக்குக் கீழே நின்றாள். இன்றைக்குத் தலை குனிய வேண்டியிருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் முறையில் முதல் சுற்று முடிந்தபோது டாக்டர் புருவத்தை உயர்த்தித் தம்பியைப் பார்த்தார். தம்பி பெருமையில் கழுத்தை நீட்டிக்கொண்டு வாசித்தான். இரண்டாவது சுற்று. பதினேழு, பதினெட்டு. பத்தொன்பதில் கீழ்ச் சுரத்தில் நின்றாள், தாவினாள்.

டாக்டரின் குச்சி காற்றில் நின்றது. டீச்சரின் இடது கை ஒரு கட்டத்திலும் வலது கை வேறு கட்டத்திலும் மாட்டிக்கொண்டன. இருவரும் நின்றுவிட்டார்கள். ஆனால் டபுள் பேஸ் நிற்கவில்லை. தம்பி கண்ணை மூடிக்கொண்டு, அவளோடு சேர்ந்தே தாவி, அவளோடு சேர்ந்தே இறங்கி, இரண்டு கட்டம் தாண்டிப் போயிருந்தான். அக்காவும் தம்பியும் மட்டும் தனியாக எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றார் டீச்சர். "ரெண்டு எண்ணிக்கையை முழுங்கிட்டீங்க."

"இல்லையே," என்றாள் அவள். "நோட்டுல அப்படித்தான் இருக்கு."

"முப்பத்திரண்டு கட்டம்னா முப்பத்திரண்டுதான் இருக்கணும். உங்க கணக்குல முப்பத்தொண்ணரை வருது."

"இல்லாததை நான் எழுத மாட்டேன் டீச்சர்."

"அக்கா சரியாத்தான் வாசிச்சா," என்று தம்பி குறுக்கே வந்தான். "அங்க தாண்டும். எனக்கே கை தானா போகுது பாருங்க."

"ஆறு வருஷமா இந்தப் பாட்டை எங்ககூட வாசிக்கறீங்க. ஒரு நாளாவது தாண்டியிருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

தம்பி தன் இடது கை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

டாக்டர் சச்சரவு பிடிக்காதவர். சட்டைப்பையிலிருந்து காதில் செருகும் கருவிகளை எடுத்து, கேசட்டில் இருந்த அதே வாசிப்பின் சுத்தமான பதிவைக் கைபேசியில் தேடிப் பிடித்தார். ஒன்றைத் தன் காதில் செருகிக்கொண்டு மற்றதைத் தம்பியிடம் கொடுத்தார். இருவரும் தலையோடு தலை சேர்த்துக் கேட்டார்கள். அவள் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் பார்த்துப் பொய் கண்டுபிடிப்பதில் அவளுக்கு அனுபவம் உண்டு. டாக்டர் விரல் மடக்கி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் நான்கு. நான்காவது விரல் மடங்கியபோது தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுடைய நோட்டை எடுத்துப் புரட்டினான். ஓரக் குறிப்பைப் படித்தான். 'மரத்தில் தட்டும் ஓசை.'

"அக்கா," என்றான். "அது என் முழங்கை."

குட்டு வெளியே வந்தது. அவனுக்குப் பதினாறு வயதில், சிநேகிதனிடம் இரவல் வாங்கிய இசைத்தட்டை அந்தக் கேசட்டில் பதிவு செய்திருக்கிறான். சாப்பாட்டு மேஜைமேல்தான் ரெக்கார்ட் ப்ளேயர் இருந்தது. பாட்டு நன்றாக இருந்ததால் இவன் ஆடியிருக்கிறான், முழங்கை மேஜையில் இடித்திருக்கிறது, முள் ஒரு வரி தாண்டி விழுந்திருக்கிறது. இரண்டு எண்ணிக்கை காலி. அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் அவன் பேஸ் கற்றுக்கொண்டான். முதன்முதலாக நாலு பேரோடு வாசித்தபோது அவனும் அதே இடத்தில் தாண்டி அவமானப்பட்டு, பிறகு திருத்திக்கொண்டு, காலப்போக்கில் அடியோடு மறந்தும்விட்டான். இன்று அக்கா வாசித்த அந்த வரியைக் கேட்டதும், விரல்கள் பழைய புத்திக்குப் போய்விட்டன.

டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

"மேஜையையும் சேர்த்துல்ல காப்பி எடுத்திருக்காங்க," என்றார்.

அது முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. டீச்சர் கெட்டவர் இல்லை. விடைத்தாளில் அரை மதிப்பெண் சும்மா போடத் தெரியாதவர், அவ்வளவுதான். அவரே எழுந்து பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னார்: "கோபம் வேண்டாம். உங்க காதுக்கு நான் கும்பிடு போடறேன். ஆனா உங்க முறை வர்ற சோலோ நேரத்துல நான் உங்களைக் கேக்கணும். இப்ப எனக்குக் கேக்கறது வேற யாரோ. இசைக் கல்லூரி முடிச்ச பொண்ணு ஒண்ணு வரேன்னு சொல்லியிருக்கு. அடுத்த ஞாயிறு ரெண்டு பேரையும் கேட்டுட்டு முடிவு பண்ணிடலாம்."

அன்று சாயங்காலமே தம்பி சுத்தமான பதிவைக் கைபேசிக்கு அனுப்பினான். கூடவே ஒரு வரி: 'ரெண்டே எண்ணிக்கைதான்க்கா. கேட்டு எழுதிக்கோ. ஸாரி.'

"ரெண்டு நிமிஷ வேலை," என்றார் கணவர். மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்றில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். "கேட்டுட்டு விடேன்."

அவளும் அதற்குத்தான் விரலைக் கொண்டுபோனாள். விரல் திரைக்கு மேலேயே நின்றுவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒன்று நடந்தது. விபத்து வழக்கு. சாட்சி சொன்னதில் ஒரு வார்த்தை அவளுக்குக் காதில் விழவில்லை. கேட்க பயம். வண்டி என்று இருந்த இடத்தில் 'வெள்ளை வண்டி' என்று தானாகவே போட்டுவிட்டாள், வெள்ளையாகத்தான் இருக்கும் என்று தோன்றியதால். எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார். சாட்சி நிறமே சொல்லவில்லை. நீதிபதி, ஆட்கள் நிறைந்த நீதிமன்றத்தில் அவளைப் பார்த்து, "சாட்சி யாரும்மா, அவரா, நீங்களா?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அன்றிலிருந்து காதில் விழாத இடத்தில் 'கேட்கவில்லை' என்று மட்டுமே எழுதுவாள். எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிந்தாலும் ஊகிக்க மாட்டாள். எந்த இடைவெளியையும் அவள் கை நிரப்பியதில்லை.

நோட்டை விரித்துப் பார்த்தாள். அறுபத்து நான்கு கட்டம், ஒவ்வொரு புள்ளியும் அந்த மனுஷன் சொன்னது. டீச்சர் சொன்னதில் தப்பே இல்லை. இவ்வளவு பெரிய வாக்குமூலத்தில் யாரும் எதுவும் சொல்லாத இடம் இந்த இரண்டு எண்ணிக்கை மட்டும்தான். அதையும் கேட்டு எழுதிவிட்டால் கதை முடிந்தது.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கேக்கலையா?" என்றார் கணவர்.

"கேக்கப் போறதில்ல."

"அப்ப அந்த எடத்துல என்ன வாசிப்பே?"

"தெரியல."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். இருபது வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் அதிகம் கேட்டதில்லை.

அந்த வாரம் முழுவதும் படாதபாடு பட்டாள். இரண்டு எண்ணிக்கைக்கு எதையாவது கண்டுபிடிப்பாள். நன்றாகவே இருக்கும். வாசித்துப் பார்த்தால் அது நாற்பத்தொன்றாம் கட்டத்தில் சாட்சி சொன்னதாக இருக்கும். இன்னொன்றைப் பிடிப்பாள். அது ஏழாம் கட்டத்தின் கொசுறு. அவளுடைய ஞாபகசக்தியே அவளுக்கு எமனாக வந்து நின்றது. வியாழக்கிழமை சாக்ஸபோனைப் பெட்டியில் போட்டு டப்பென்று மூடினாள். வெள்ளிக்கிழமை அதைத் திறக்கவே இல்லை. சனிக்கிழமை திறந்து, பத்தொன்பதாவது கட்டத்தில் பாதியை வாசித்து, மீதிப் பாதிக்கு வாயை எடுத்துவிட்டு மனதுக்குள் மூன்று, நான்கு என்று எண்ணினாள். அவ்வளவுதான் வந்தது, வெறும் எண்ணிக்கை. நாளைக்கும் இதுதான் கதி என்றால் இதுவே போகட்டும் என்று விட்டுவிட்டாள். பொய்யாக ஒன்றை நிரப்புவதைவிட 'கேட்கவில்லை' எவ்வளவோ மேல்.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி முடித்த பெண் முதலில் வாசித்தாள். குறை சொல்ல இடமில்லை. விரல்கள் வழுக்கிக்கொண்டு ஓடின, சுரம் சுத்தம், எண்ணிக்கை ஒன்றும் காணாமல் போகவில்லை. டீச்சர் இரண்டு தடவை தலையாட்டினார். அவர் ஒரு தடவை ஆட்டினாலே பெரிய விஷயம். இன்னோர் இடத்தில் வகுப்பெடுக்க வேண்டும், முடிவைப் போனில் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கிளம்பிப் போனாள். வாசலில் ஸ்டெனோவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டுத்தான் போனாள். அவள்மேல் கோபப்படக்கூட வழி இல்லை.

"நீங்க ரெடியா?" என்றார் டீச்சர்.

பாட்டைப் பாட்டாக வாசித்தார்கள். பிறகு மூவரும் தணிந்தார்கள். அவள் முறை. முதல் சுற்று சாட்சியுடையது, அப்படியே வாசித்தாள். இரண்டாவது சுற்றும் அவருடையதே. டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதில் அந்தக் கீழ்ச் சுரம். அதில் நின்றாள், விட்டாள்.

வாயை எடுத்தாள். மூன்று.

அந்த வெற்றிடத்தில் டபுள் பேஸ் கேட்டது. எப்போதும் அங்கே இருந்திருக்கும். கேசட்டில் அறுந்துபோனதால் அவள் கேட்டதில்லை, போன ஒத்திகையில் தாவியதால் அவனும் வாசிக்கவில்லை. தம்பி இரண்டு சுரம் மெதுவாகக் கீழே இறங்கினான், மாடிப்படியில் யாருக்கோ வழி காட்டுகிறவனைப்போல. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் அவள் உதடு நாணலைக் கவ்வியது. மூன்று சுரம் வெளியே வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது, கட்டத்தின் எல்லையைத் தாண்டியே வந்து விழுந்தது. எங்கிருந்து வந்தது என்று அவள் தேடினாள். நாற்பத்தொன்றிலும் இல்லை, ஏழிலும் இல்லை. எந்தக் கட்டத்திலும் இல்லை.

இனி சாட்சியின் உச்சிச் சுரத்துக்குப் போக வேண்டும். போக முடியவில்லை. அந்த மூன்று சுரங்களும் அவளை உச்சிக்கு ஒரு படி கீழே கொண்டுபோய் விட்டிருந்தன. அங்கிருந்து சாட்சியின் வரிக்குக் கதவே இல்லை. நோட்டில் இருந்த மிச்சம் அத்தனையும் ஒரே நொடியில் வேறு யாருடைய வழக்காகவோ ஆகிவிட்டது. கட்டம் இருபது நகர்ந்துகொண்டிருக்கிறது, மூன்று பேர் காத்திருக்கிறார்கள். பயந்துதான் போனாள். ஆனால் வாயை எடுக்கவில்லை. அந்த மூன்று சுரங்களையே கொஞ்சம் மாற்றி மறுபடி சொன்னாள். அதற்குப் பதில்போல ஒன்று வந்தது, அதையும் சொன்னாள். இரண்டு எண்ணிக்கைக்கு வழி இல்லாமல் ஒரு வாரம் திண்டாடியவள் பதின்மூன்று கட்டம் பேசினாள்.

எல்லாம் அழகாக இருந்தது என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. இருபத்தாறாவது கட்டத்தில் ஒரு சுரம் அப்பட்டமாகப் பிசகியது. டாக்டரின் முகம் சொத்தைப்பல்லைப் பார்த்ததுபோலச் சுருங்கியது. அவள் அடுத்த கட்டத்தில் அதே சுரத்தை மறுபடியும் வாசித்தாள், இன்னும் அழுத்தமாக. டாக்டர் சிரித்துக்கொண்டே சிம்பல் தட்டில் ஒன்று போட்டார். பியானோ அந்தச் சுரத்துக்கு அடியில் எதையோ முட்டுக்கொடுத்து வைத்தது. முப்பத்திரண்டில் எல்லோரும் சேர்ந்தே போய் இறங்கினார்கள். ஒருவரும் தாண்டவில்லை.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவள் கணவர் கடையில் செய்த கண்ணாடிதான்.

"இருபத்தாறுல ஒரு சுரம்," என்றார்.

"தப்பு," என்றாள் அவள்.

"தப்புன்னு எனக்கும் தெரியும். அப்புறம் ஏன் அதையே திரும்ப வாசிச்சீங்க?"

"சொன்னது சொன்னதுதான் டீச்சர். அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உதட்டோரம் லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று டாக்டர் பிற்பாடு சத்தியம் செய்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நானே போன் பண்ணிடறேன். அந்த வாசிப்புக்குப் பத்து எடத்துல கூப்பிடுவாங்க," என்றார். "சனிக்கிழமை நாலு மணிக்கு நூலகத்துல இருங்க. நோட்டு வேண்டாம்."

அவள் சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். சாக்ஸபோனைத் துடைக்க எடுத்த துணியில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் தம்பி பேஸைக் காரில் படுக்கவைத்துக்கொண்டிருந்தான். முழங்கை கதவில் இடித்தது. இடித்ததும் அவளைத் திரும்பிப் பார்த்து அசடு வழிந்தான்.

"அக்கா, பத்தொன்பதுல என்னமோ வாசிச்சியே, மூணு சுரம். ரொம்ப நல்லா இருந்துச்சு. எழுதிக் கொடேன், நான் அடியில பேஸ்ல பிடிச்சுக்கறேன்."

அவள் யோசித்தாள். பையிலிருந்து பென்சிலைக்கூட எடுத்துவிட்டாள். காதில் விழுந்ததை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்கிறவள், இருபத்திரண்டு வருடச் சாட்சிகளின் இருமலைக்கூட மறக்காதவள், காரின் கூரைமேல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே அந்த வெற்றிடம் இருந்தது. அதில் என்ன வாசித்தோம் என்று அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் வரவில்லை.

"எழுதலடா," என்றாள். "நான்தானே பேசிக்கிட்டிருந்தேன்."